கரண்ட் பிடித்த நாட்கள்

27.04.2009 திங்கள்

வெயில். காற்று இல்லை. வாவி வற்றிக் கிடக்கிறது, கரைச் சேறு நாறுகிறது.

இந்தக் கொப்பி மிஸ்ஸி தந்தது. ஊருக்குள் சைக்கிளில் வருகிற மிட்வைஃப் மிஸ்ஸி. மகள் சுகந்திக்கு எத்தனை மணிக்குத் தலையிடி, எத்தனை தரம் சத்தி, எல்லாம் எழுதி வியாழக்கிழமை டவுன் கிளினிக்கில் காட்ட வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைக்கும் என்றேன்.

"எழுத்துப் பாக்கிறதுக்கு இல்ல அக்கா, நேரம் பாக்கிறதுக்கு" என்றாள்.

காலை 5.30 தலையிடி. 6 மணிக்குச் சத்தி, வெறும் வயிற்றில், பித்தத் தண்ணிதான் வந்தது. 7 மணிக்குக் குறைந்தது.
பகல் நல்லம்.
பின்னேரம் இடது கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. பிடித்துக்கொண்டுதான் இருந்தாளாம். கை தானாக விட்டதாம்.

எட்டு மாதமாக இப்படி. தெருவில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், சுனாமிப் பயம். நாலு வருடத்துக்குப் பிறகுமா? அப்படியும் இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன்.

28.04 செவ்வாய்

5.10 தலையிடி. சத்தி இரண்டு தரம்.

சந்தியில் இறால் பெட்டியோடு இருந்தேன். வாங்க வந்த ஒருத்தி, "என்ன புவனம், இறால எண்ணிற்றிரிக்கியா, மகள எண்ணிற்றிரிக்கியா?" என்றாள். எனக்கு உள்ளது ஒன்றுதானே, அதை என்ன எண்ண.

மத்தியானம் சோறு போடும்போது சுகந்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, ரெண்டு அம்மா தெரியுது."

"என்னடி சொல்ற?"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்தில ஏசுறீங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சும்மா ஒரு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.

அவளுக்கு இருபத்தைந்து வயது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். ஆள் கட்டை. ஏழு வயதுக்குப் பிறகு பெரிதாக வளரவில்லை. பிள்ளைகள் சின்ன ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டைக் காலத்தில் பால்மா இல்லை, நான் ஒழுங்காகத் தின்னக் கொடுக்கவில்லை, அதனால்தான் என்று எனக்கு நினைப்பு.

பக்கத்து வீட்டுத் தங்கமக்காவின் றேடியோ விடாமல் கேட்கிறது. அவளுடைய மகள் வன்னியில். ஜனவரிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் அவளிடம் மகளைக் கேட்பதில்லை, அவள் என்னிடம் மகளைக் கேட்பதில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறோம்.

30.04 வியாழன்

5 மணி தலையிடி. சத்தி ஒன்று. பஸ்ஸில் இன்னொன்று.

கிளினிக்கில் புது லேடி டொக்டர். சின்னப் பிள்ளை, நம்முடைய பக்கத்து ஆள்தான். சுகந்தியின் பழைய அட்டையை வாங்கி வாசித்தா. அது சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது எழுதித் தந்த அட்டை. இங்கிலீசு. நாலு வருடமாக பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் அதைத்தான் நீட்டுவேன். பார்த்துவிட்டு நித்திரைக் குளிசை தருவார்கள்.

"அம்மா, மகளுக்கு மனநோய் எப்ப வந்தது?"

"மனநோயா? ஆருக்கு?"

"இதில அப்பிடித்தான் கிடக்கு. சின்ன வயசில இருந்து மனத் துக்கம், ஷொக் குடுத்திரிக்கு எண்டு. பைத்தியத்துக்குத் தலையில வைக்கிற கரண்ட்."

"இல்ல டொக்டர். கரண்ட் பிடிச்சதுதான். ஆனா அது வருத்தத்துக்கு."

"என்ன வருத்தம்?"

திரும்பிப் பார்த்தேன். பின்னால் வரிசையில் பத்துப் பேர். பதினெட்டு வருடம் சொல்லாத பெயர். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுகந்திதான் கையைத் தூக்கிக் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். முடியைப் பிரித்து முன்னால் போட்டுவிட்டுக் குனிந்தாள்.

"பாருங்க டொக்டர்."

பின்தலையில் முடி முளைக்காத இடம். அதன் நடுவில் நீட்டுக்கு வெட்டின அடையாளம். ஊருக்கு நாங்கள் சொன்னது, சின்னனில் சுடுதண்ணி ஊற்றுண்டது என்று. டொக்டர் பேனையின் பின்பக்கத்தால் அந்த ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் போனா. நாலு பக்கமும்.

"சுடுதண்ணி இப்பிடி நேர்கோட்டில சுடாதம்மா" என்றா. மெதுவாகத்தான் சொன்னா.

அப்போது சொன்னேன். கான்சர் என்று. முதல் தரம் என் வாயால்.

ஸ்கேன் எடுக்கத் துண்டு எழுதித் தந்தா. நித்திரைக் குளிசையை நிற்பாட்டச் சொன்னா.

01.05 வெள்ளி

5.20 தலையிடி. சத்தி இல்லை. லீவு நாள்.

அட்டையில் எப்படிப் பிழை வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிடிபட்டுவிட்டது.

முகாமுக்கு வந்த டொக்டர் இந்தியாவில் இருந்து வந்தவர். தமிழ் ஆள். நல்ல மனுசன். என்னுடைய தலையிலும் கை வைத்தார். "என்னம்மா ஆச்சு பொண்ணுக்கு?" என்று கேட்டார். சுகந்தியின் அப்பாவைக் கடல் கொண்டு போய்ப் பத்தொன்பதாம் நாள் அது, எனக்குக் கதைக்கவே ஏலாது. நான் சொன்னது இவ்வளவுதான்: "சின்னனில இருந்து வருத்தம் சேர். தலைக்குக் கரண்ட் பிடிச்சது."

"அடப்பாவமே, அவ்வளவு சின்ன வயசுலேயே வருத்தமா?" என்று அவர் கண் கலங்கினார். எழுதினார்.

எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அவருடைய ஊரில் வருத்தம் என்றால் கவலையாம். இன்றைக்கு மிஸ்ஸி சொல்லித்தான் தெரியும். கரண்ட் என்றதை அவர் பைத்தியத்துக்கு வைக்கிற கரண்ட் என்று எடுத்திருக்கிறார். இரண்டு பேரும் தமிழ்தான் கதைத்தோம். என் பிள்ளை நாலு வருடம் நித்திரைக் குளிசை தின்றாள்.

02.05 சனி

5.40 தலையிடி. சத்தி ஒன்று. நடக்கும்போது இடது கால் இழுபடுகிறது. புதிது.

91ஆம் ஆண்டு. அவளுக்கு ஏழு வயது. அவளுடைய அப்பாதான் கொழும்புக்குக் கொண்டு போனார். வழியெல்லாம் செக்கிங். எனக்கு வயிற்றில் ஏழு மாதம், போக ஏலாது. அந்தப் பிள்ளை தங்கவில்லை, அது வேறு கதை. இரண்டரை மாதம் கழித்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தலை மொட்டை. "கட்டிய வெட்டி எடுத்திட்டாங்க. மிச்சத்துக்குக் கரண்ட் பிடிச்சாங்க. அந்தப் பேர ஒருத்தரிட்டயும் சொல்லாத, நாளைக்கு அவளக் கட்டிக் குடுக்கணும்" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எந்த வார்ட், எந்த மெசின், எந்த டொக்டர், எல்லாம் அவருக்குள். கடதாசிகள் தகரப் பெட்டிக்குள்.

அவரும் பெட்டியும் ஒன்றாகத்தான் போனது.

05.05 செவ்வாய்

ஸ்கேன். குழாய்க்குள் போகப் பயமா என்று கேட்டேன். "எனக்கு இந்தச் சத்தம் ஞாபகம் இரிக்கு அம்மா" என்றாள். தானாகவே போய்ப் படுத்தாள்.

சத்தி மூன்று.

07.05 வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

இன்னொரு கட்டி. பழையது திரும்பவில்லை. அது வந்தது பின்னால், இது வலப் பக்கம், மேலே, மூளையைச் சுற்றியுள்ள சவ்வில். பிழிகிற தேசிக்காயை விடப் பெரிது. அதனால்தான் இடது கை, இடது கால், இரண்டிரண்டாகத் தெரிவது.

"கரண்ட் பட்ட தலையில கன வரியத்துக்குப் பிறகு இப்பிடிப் புதுசா வரலாம் அம்மா" என்றா டொக்டர்.

"அப்ப அந்தக் கரண்டாலதானா?"

"பெரும்பாலும் அப்பிடித்தான்."

ஒவ்வொரு நாளும் அவர் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்த மெசின். ஒவ்வொரு நாளும் கும்பிட்ட மெசின்.

டொக்டர் என்னுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அந்தக் கரண்ட் இல்லாட்டி ஏழு வயசோட முடிஞ்சிரிக்கும். பதினெட்டு வரியம் அதுதான் தந்தது" என்றா. சுகந்தி குறுக்கே கேட்டாள், "நான் கட்டையானதும் அதாலயா?" ஓமாம். முதுகெலும்புக்கும் பிடித்திருப்பார்கள், அதனால் வளர்த்தி நின்றிருக்கும்.

பால்மாவால் இல்லை. நான் கொடுக்காமல் விட்டதால் இல்லை. அந்த இடத்தில் இருந்து எனக்கு அழுகை. எதற்கு அழுதேன் என்று டொக்டருக்கு விளங்கியிருக்காது.

இனிச் செய்ய வேண்டியது:
கொழும்பில் ஒப்பரேசன். கெதியாக, நாள் கடத்தாமல். இது மெல்ல வளருகிற சாதியாம், ஆனால் இப்போது பெரிது.
அவள் எழும்பாமல் நித்திரை கொண்டால், வலிப்பு வந்தால், உடனே ஆஸ்பத்திரி.
பழைய கடதாசி. எத்தனை நாள் கரண்ட் பிடித்தது. அது தெரிந்தால்தான் இந்தத் தலைக்குத் திரும்பக் கரண்ட் கொடுக்கலாமா, கூடாதா என்று பார்க்கலாமாம். கொழும்பு ஆஸ்பத்திரியின் பழைய பதிவுப் புத்தகங்களில் தேடச் சொல்லி எழுதுவாவாம். ஆனால் ஆண்டும், எத்தனை நாள் என்பதும் சரியாகச் சொல்ல வேண்டும்.

"கரண்ட் எண்டு சொல்லாதீங்க அம்மா. கதிர்ச் சிகிச்சை எண்டு சொல்லுங்க. மறுகாலும் பிழையாகிரும்."

கதிர்ச் சிகிச்சை. கதிர்ச் சிகிச்சை. பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

08.05 வெள்ளி

வெசாக். ஆமிக்காரர் சென்ரி பொயின்ரில் கடதாசிக் கூடு கட்டி வெளிச்சம் போட ஆயத்தம்.

சத்தி மூன்று. தலையிடி இப்போது பகலிலும்.

எத்தனை நாள்? எனக்கு ஞாபகம் இருப்பது தேங்காய். கரண்ட் பிடிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தேங்காய் என்று அவர் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். வந்த கிழமையே உடைத்தார். நான் பச்சை உடம்புக்காரி, கோயில் வாசலுக்கு வெளியே நின்று எண்ணினேன். முப்பத்தொன்று. அது நல்ல ஞாபகம். முப்பத்தொன்றாவது கல்லில் பட்டு உடையாமல் உருண்டது, திரும்ப எடுத்து உடைத்தார்.

டொக்டரிடம் முப்பத்தொன்று என்று சொல்லலாம். ஆனால் ஒன்று கூடிக் குறைந்தாலும் பிழையாகிவிடுமோ என்று பயம். ஒரு சொல்லால் பட்டது போதாதா.

தேங்காய் கொடுத்தது பாக்கியம் மச்சாள். அவருடைய அக்கா. வவுணதீவில் இருக்கிறா. அவர் போன பிறகு என்னோடு கதை இல்லை.

10.05 ஞாயிறு

5 மணி தலையிடி. சத்தி இரண்டு. தங்கமக்காவைச் சுகந்தியோடு இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். "போயிற்று வாகா, நான் றேடியோவ இஞ்ச கொண்டாறன்" என்றாள்.

பாலத்தில் ஆமிக்காரன் பஸ்ஸால் இறக்கி ஐடென்ரி கார்ட் பார்த்தான். "எங்க போறது?" மச்சாள் வீட்டுக்கு. "என்னத்துக்கு?" தேங்காய் கேட்க. உண்மையைத்தான் சொன்னேன். விட்டுவிட்டான்.

மச்சாள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"ஆரு?"

"நான்தான் மச்சாள்."

"வழி தெரிஞ்சிரிக்கு."

நின்றுகொண்டே சொன்னேன். கட்டி, கரண்ட், எல்லாம். மச்சாள் நெல்லைக் கிண்டிக்கொண்டே கேட்டா. கை மட்டும் மெதுவாகிவிட்டது.

"டொக்டர் அதக் கதிர்ச் சிகிச்சை எண்டு சொல்லட்டாம்."

"கதிரா? தலையென்ன வயல் வட்டையா, நெல்லுக் கதிர் வைக்க?" என்றா. பிறகு, "கடதாசி இல்லையா?" என்றா.

"பெட்டியோட போயிற்று."

"பெட்டி" என்று மச்சாள் நிமிர்ந்தா. "அந்தப் பெட்டிக்குத்தானே என்ட தம்பிய அனுப்பின நீ? காப்புச் சோடியும் காணி உறுதியும் கிடந்ததெண்டு."

நாலு வருடமாக ஊரெல்லாம் சொன்னது. என் முகத்துக்கு முன்னால் இதுதான் முதல் தரம்.

"காப்பு என்ட கையில கிடந்தது மச்சாள். உறுதி ஒங்கட வீட்டில கிடக்கு."

"மறுகா என்னத்துக்கு வீட்டுப் பக்கம் கிறுகிப் போனான்?"

சொன்னேன். அவருக்குக் கொடுத்த வாக்குப் போல ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது. முதல் தண்ணி முழங்கால் மட்டும் வந்து வடிந்தது. நாங்கள் மூன்று பேரும் றோட்டுக்கு ஏறிவிட்டோம். நான் முன்னுக்கு, திரும்பிப் பார்த்தால் அவர் நிற்கிறார். "புள்ளையிர துண்டு" என்றார். ஆஸ்பத்திரித் துண்டுகள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடினார். இரண்டாவது தண்ணி தென்னை உயரம்.

"ஏன்கா இத என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா, அவளாலதான் அப்பா செத்தாரெண்டு ஆகிரும். அவள்ற காதில விழுந்திரும்."

மச்சாள் நெல்லை அப்படியே விட்டா. பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து தந்தா. நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றா.

"முப்பது" என்றா.

"முப்பத்தொண்டு மச்சாள். நான் எண்ணினன்."

"நீ உடைச்சத எண்ணினாய். நான் குடுத்ததக் கேள். முப்பது நாளுக்கு முப்பது எண்டு சொல்லித்தான் வந்தான். மூட்டை கட்டினதுக்குப் பிறகு இன்னொண்டு தா எண்டான். ஏன்டா எண்டன். 'இது மெசினுக்கு அக்கா. ஒரு நாள் பழுதாகிப் படுத்திற்று. மறுநாள் எழும்பிற்று. அதுக்கும் ஒண்டு உடைக்கணும்' எண்டான்."

மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெசினுக்கு நேர்த்தி வைச்ச மனிசன் உலகத்தில அவன் ஒருத்தன்தான்."

முப்பது.

வரும்போது ஒரு பை நிறையத் தேங்காய் தந்தா. பாலத்தில் அதே ஆமிக்காரன். பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். போ என்று கை காட்டினான்.

12.05 செவ்வாய்

டொக்டரிடம் சொன்னேன். 1991. முப்பது நாள். நடுவில் ஒரு நாள் மெசின் பழுது. எப்படித் தெரியும் என்று கேட்டா. தேங்காய்க் கதையைச் சொன்னேன். சிரிப்பாவோ என்று பார்த்தேன். இல்லை, எழுதினா. எழுதினதை வாசித்தும் காட்டினா. "முப்பது சரிதான் அம்மா, இந்த வருத்தத்துக்கு அந்தளவுதான் குடுக்கிறது" என்றா.

வருத்தம் என்று சொன்னா. எங்களுடைய வருத்தம்.

20ஆம் தேதி காலை அம்புலன்சில் கொழும்பு. இன்னும் எட்டு நாள்.

தலையிடி நாள் முழுக்க. சத்தி நான்கு. வீக்கத்துக்குக் குளிசை தொடங்கியது.

14.05 வியாழன்

மச்சாள் பாயும் பையுமாக வந்து இறங்கிவிட்டா. நீ கொழும்பு போனால் வீட்டை ஆர் பார்க்கிறது என்கிறா. இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

வந்த உடனே கிணற்றடி சரியில்லை, அடுப்புப் புகைக்குது, இறால் கறிக்குப் புளி காணாது.

சுகந்தி: "மாமி, ஒங்கட சத்தத்தில கட்டி பயந்து ஓடிரும்."

மச்சாள்: "ஓடட்டும். அதுக்குத்தான் வந்தன்."

குளிசையால் சத்தி குறைவு, இன்று ஒன்று. பசிக்கிறது என்றாள். இரண்டு தரம் சோறு.

15.05 வெள்ளி

பயந்தது நடந்துவிட்டது.

சந்தியில் இருந்து வந்தேன். மச்சாள் குசினியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறா. சுகந்தி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி.

"வாய் தவறி வந்திற்று புவனம். அவன்ற நல்ல குணத்தத்தான் சொல்ல வந்தன்."

பெட்டிக் கதை. சொல்லிவிட்டா.

கட்டிலில் போய் இருந்தேன். ஒப்பரேசனுக்குப் போகிற பிள்ளை. இந்தப் பாரத்தோடு எப்படிப் போவாள்? கூப்பிட்டேன், திரும்பவில்லை. முதுகில் கை வைத்தேன்.

"அம்மா, மாமி சொல்லி எனக்குத் தெரியவேண்டியதில்ல."

"என்ன புள்ள?"

"நான்தான் கேட்டன். றோட்டில ஏறினோடன, 'அப்பா, என்ட துண்டு' எண்டு நான்தான் கத்தினன். நீங்க முன்னுக்குப் போனீங்க, கேக்கல்ல. அவருக்குக் கேட்டிற்று."

சுவரைப் பார்த்தே சொன்னாள்.

"சின்னனில இருந்து அவர்தான் சொல்லித் தந்தது. என்ன விட்டாலும் துண்ட விடாத, துண்டில்லாட்டி டொக்டர்மாருக்கு ஒண்டும் தெரியா எண்டு. பழக்கத்தில வாயில வந்திற்று. இத ஒங்களிட்ட எப்பிடிச் சொல்ற?"

நாலு வருடம். ஒரே அறை, ஒரே பாய். நான் அவளுக்கு மறைத்தேன், அவள் எனக்கு மறைத்தாள். இரண்டு பேரும் ஒன்றைத்தான் மறைத்தோம்.

முகாமில் அவள் சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்தே கிடந்தது இதற்கு. அந்த இந்தியா டொக்டர் வருத்தம் என்று எழுதினார். கரண்டுதான் பிழை. வருத்தம் பிழை இல்லை. அவருடைய வருத்தமும் இருந்தது, எங்களுடைய வருத்தமும் இருந்தது. அட்டையில் ஒன்றுக்குத்தான் இடம்.

நான் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நீ கேட்டிராவிட்டாலும் அவர் போயிரிப்பார். என்ட கைய உதறின உதறல் எனக்குத் தெரியும்."

நம்பினாளா தெரியாது. மச்சாள் புளி கூடின இறால் கறியோடு வந்தா. மூன்று பேரும் கட்டிலிலேயே சாப்பிட்டோம்.

18.05 திங்கள்

காலையில் வலிப்பு. இடது கை, வாய்க் கோணல், இரண்டு நிமிடம் இருக்கும். கொப்பியில் நேரம் எழுத வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தேன், முள் தெரியவில்லை.

மிஸ்ஸி ஓடி வந்தாள். ஓட்டோவில் டவுன் ஆஸ்பத்திரி. வழியில் சென்ரியில் மறித்தார்கள். பிள்ளையைக் கண்டதும் விட்டார்கள். டவுனுக்குள் வெடிச் சத்தம். நான் பிள்ளையின் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். "கொளுத்துற சீன வெடிதான் அக்கா, சண்டை முடிஞ்சிற்றாம்" என்றான் ஓட்டோக்காரன். அவனும் திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னான்.

சுகந்தி கண் திறந்து, "என்ன சத்தம்?" என்றாள். சீன வெடி என்றேன். "பள்ளிக்கூடப் புள்ளையள் பயப்பிடுங்கள்" என்றாள்.

வார்டில் போட்டு ஊசி போட்டார்கள். நித்திரை. டொக்டர் வந்து கண்ணுக்குள் லைற் அடித்துப் பார்த்தா. நாளைக்கே அனுப்பப் பார்க்கிறேன் என்றா.

19.05 செவ்வாய்

இன்று அனுப்ப வாகனம் இல்லை. நாளை நாடு முழுக்க லீவாம், றோட்டெல்லாம் கொடியாம். அம்புலன்ஸ் போகுமா என்று நாலு பேரிடம் கேட்டேன். நாலு பதில். கடைசியில் டொக்டரே வந்து சொன்னா, "லீவு பள்ளிக்கூடம் கந்தோருக்கு, அம்புலன்சுக்கு இல்ல."

மச்சாள் வீட்டில் இருந்து பை கட்டிக் கொண்டு வந்தா:
சுகந்தியின் சட்டை 3
எனக்குச் சாறி 2
ஐடென்ரி, கிராம சேவகர் கடிதம்
ஸ்கேன் படம், டொக்டரின் கடிதம், இந்தக் கொப்பி
சீப்பு (மச்சாளே வைத்து மச்சாளே வெளியே எடுத்தா)

தங்கமக்கா வந்தாளா என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு இருக்கிறாளாம். றேடியோவை நிற்பாட்டிவிட்டாளாம். நாலு மாதத்தில் முதல் தரம் அந்த வீட்டில் சத்தம் இல்லையாம்.

எனக்கு என் பிள்ளையின் மூச்சு கேட்கிறது. அவளுக்கு என்ன கேட்கும்.

21.05 வியாழன். கொழும்பு

நேற்று விடிய வெளிக்கிட்டது. வழியெல்லாம் சண்டை வென்றதுக்குப் பாற்சோறு கொடுக்கிறார்கள். ட்றைவர் ஒன்று வாங்கி எனக்கும் நீட்டினார். சிங்கள ஆள், நல்ல மனிசன். வாங்கினேன். தின்ன ஏலவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

பெரிய வார்ட். தமிழ் தெரிந்த நேர்ஸ் லீவு. இளம் டொக்டர் ஒருவர் கடிதத்தைப் பார்த்து என்னிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். வழி முழுக்கப் பாடமாக்கின சொல்லைச் சொன்னேன். "கதிர்ச் சிகிச்சை." விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். விளங்கவில்லை என்று தலையை ஆட்டினார். இங்கேயும் பிழையாகப் போகிறது.

பக்கத்தில் வார்ட் கூட்டுகிற வயதான மனுசி, தும்புத்தடியை வைத்துவிட்டு வந்தா. சுகந்தியின் பின்தலையைப் பார்த்தா. அந்த நாலு பக்கத்தையும் விரலால் தொட்டா.

"கரண்ட்?"

"ஓம். கரண்ட். கரண்ட்."

சிங்களத்திலும் அது கரண்ட்தானாம். மனுசி டொக்டருக்குச் சொன்னா. எத்தனை என்று விரலால் கேட்டா. பத்து விரலையும் விரித்து மூன்று தரம் காட்டினேன். மனுசி என்னுடைய கன்னத்தில் தட்டிவிட்டுத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனா.

பழைய புத்தகம் தேட ஆள் போயிருக்கிறதாம். நாளைக் காலை ஒப்பரேசன். பின்னேரம் தலை வழித்தார்கள். அவர் தோளில் போட்டுக்கொண்டு வந்த அதே தலை.

22.05 வெள்ளி

மழைக் குணம்.

5 மணி. தலையிடி இருக்கா என்று கேட்டேன். "இரிக்கு. எழுதுங்க" என்றாள்.

மச்சாள் போனில்: "எத்தன தேங்காய்கா வைக்க?" ஒரு நாள் வேலைக்கு எத்தனை வைக்கிறது? சுகந்தி வீட்டுக்கு வந்து அவளே சொல்லட்டும் என்றேன்.

7.10க்குத் தள்ளுகட்டிலைக் கொண்டு வந்தார்கள். கதவுவரை கூடப் போகலாம். கடதாசிப் பையை என் கையில் தந்தாள். சொன்னாள்:

"அம்மா, துண்டெல்லாம் ஒங்கட்ட இரிக்கு. ஒண்டு விட்டுப் போனாலும் கிறுகிப் போகாதீங்க. இதிலயே இரிங்க. நான் கண் முழிச்சுப் பாக்கக்குள்ள இதில இரிக்கணும்."

"ரெண்டு அம்மா இரிப்பன்" என்றேன்.

சிரித்தாள். கதவு மூடிற்று.

8.00
9.15 தேத்தண்ணி கொண்டு வந்தார்கள். எழும்பிப் போய் வாங்க வேண்டும். போகவில்லை.
10.40 தும்புத்தடி மனுசி வந்து பக்கத்தில் இருந்தா.
11.30
12.05 கதவு திறந்தது. வேறு ஆருடையதோ பெயர்.
1.20 பை மடியில். இதிலேயே இருக்கிறேன்.